கூத்து வீடியோவைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் வீடியோக்களை டிவியில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்தை என் தம்பி பல வருடமாகக் கேமராவில் எடுத்து வைத்திருக்கிறான். அப்பா அந்தக் காலத்தில் வேஷம் கட்டியவர், இப்போது கண் பார்வையும் முழங்காலும் விட்டுப்போனதால் கோயிலில் விடிய விடிய உட்கார முடியவில்லை, வீட்டில் பெரிய டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. எல்லாமே ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. மாங்காய் காசு வந்ததில் புது 4கே டிவியும் ஒரு ஹோம் தியேட்டரும் வாங்கிவிட்டோம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் '8கே பாக்ஸ்' என்று ஒன்றைக் காட்டி இது எல்லாவற்றையும் ஓட்டும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா சார்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் தம்பி எடுத்த வீடியோவிலேயே ஓட்டுவதற்கு மிகவும் சிரமம் தரும் ஒன்றை பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அதை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி வீடியோ எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் ஓடும், அதற்கென்றே தயாரித்த வீடியோ அது.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புது டிவியின் பின்னாலோ பக்கவாட்டிலோ உள்ள யுஎஸ்பி துளையில் அதே பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். இன்றைய டிவிகளில் பெரும்பாலானவை ஹெச்.264, ஹெச்இவிசி என்ற இரண்டு வீடியோ சுருக்க முறைகளையும் தாமாகவே ஓட்டும். உங்கள் வீடியோ அதிலேயே குறையில்லாமல் ஓடிவிட்டால் பாக்ஸ் செலவே வேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், ஏன் என்று கீழே தர்மபுரி வாசகிக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

'குறையில்லாமல்' என்றால் என்ன? படம் வருகிறது, சத்தம் கேட்கிறது என்பதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கூத்து வீடியோவுக்கு அது போதாது.

உங்கள் தம்பி எடுத்தது சாதாரண ஹேண்டிகேம் வகைக் கேமராவாக இருந்தால் கோப்புகள் எம்டிஎஸ் என்று முடியும். அவற்றில் பெரும்பாலும் 1080i 50 என்ற முறையில் படம் பதிவாகியிருக்கும். அதாவது ஒரு நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. பழைய குழாய் டிவி இப்படித்தான் படம் வரையும். இன்றைய எல்இடி டிவி முழுப் படமாகத்தான் காட்டும், ஆகவே யாராவது ஒருவர் அந்த இரண்டு பாதிகளையும் சரியாக இணைத்துத் தர வேண்டும், டிவி அல்லது பெட்டி. இணைப்பு சரியில்லை என்றால் அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது, அர்ச்சுனன் வேஷக்காரர் கிறுகி ஆடும்போது பாருங்கள், கிரீடத்தின் ஓரத்திலும் புஜகீர்த்தியின் விளிம்பிலும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக நிற்கும். ஆகவே கடைக்கு எடுத்துப்போகும் துண்டு, ஆட்டம் வேகமாக இருக்கும் இடமாகவே இருக்கட்டும். தர்பாரில் உட்கார்ந்து வசனம் பேசும் காட்சியை எடுத்துப் போனால் எந்தப் பெட்டியும் பாஸாகிவிடும்.

அடுத்தது அந்த 50. நம் நாட்டில் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 50 என்ற கணக்கில் எடுப்பவை. மலிவான பெட்டிகள் பலவும் டிவிக்கு எப்போதும் 60 என்ற கணக்கிலேயே படத்தை அனுப்பும். 50-ஐ 60-க்குள் திணித்தால் சில படங்களை இரண்டு தடவை காட்ட வேண்டிவரும், கேமரா இடமிருந்து வலமாக மெதுவாக நகரும்போது லேசாக உதறுவது தெரியும். ஒரு பாட்டுக்குத் தாங்கலாம், விடிய விடிய பார்க்கும் மனிதருக்குக் கண் வலிக்கும், அதிலும் பார்வை குறைந்தவருக்கு. பெட்டியின் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா, வீடியோவுக்கு ஏற்ப அது தானாக மாறுமா என்று பாருங்கள். தானாக மாறும்போது திரை இரண்டொரு நொடி கறுத்துவிட்டு வரும், அது பழுதல்ல, பயப்பட வேண்டாம். சினிமாப் படங்களுக்கும் இதே கதைதான், அவை நொடிக்கு 24.

மூன்றாவது, துண்டு துண்டாக இருப்பது. இந்த வகைக் கேமராக்கள் நீளமான பதிவை ஒரே கோப்பாக வைக்காமல் சில 2 ஜிபிக்கு ஒன்று, சில 4 ஜிபிக்கு ஒன்று என்று வெட்டிவிடும், மெமரி கார்டு கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதுதான் இதன் வேர். நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் எடுத்திருந்தால் 2 ஜிபி என்பது கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு மணி நேரக் கூத்து முப்பது துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பெட்டி மெனுவுக்குத் திரும்பிவிட்டால், உங்கள் அப்பா முப்பது தடவை ரிமோட்டைத் தேட வேண்டும். அது தானாக அடுத்ததற்குப் போனாலும் நடுவில் முகவீணை ஒரு கணம் அறுந்து அறுந்து கேட்கும், பாட்டின் நடுவே அறுந்தால் அவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அந்தப் பாட்டை உடம்பில் வைத்திருப்பவர் அவர்.

இதற்குப் பெட்டி மருந்தல்ல, கம்ப்யூட்டர்தான். கேமராவோடு வந்த மென்பொருள் இருந்தால் கார்டிலிருந்து இறக்கும்போதே துண்டுகளைச் சேர்த்துத் தரும். அது இல்லை என்றால் விண்டோஸ் கட்டளைத் திரையில் காப்பி கட்டளையை பைனரி முறையில் (copy /b) கொடுத்து வரிசையாக ஒட்டலாம், கேமரா ஒரே ஓட்டத்தை வெட்டிப் போட்டதுதானே, வெட்டிய இடத்திலேயே பொருந்தி உட்காரும். பிறகு எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு எம்கேவி உறைக்குள் மாற்றுங்கள். உறைதான் மாறுகிறது, உள்ளே இருக்கும் படமும் சத்தமும் அப்படியே இருக்கும், தரம் குறையாது. எம்கேவியில் எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இருப்பதால், நேராகப் படுகளத்துக்குத் தாவ வேண்டும் என்றால் சட்டென்று தாவும், எம்டிஎஸ்ஸில் அந்தத் தாவல் தடுமாறும்.

ஒன்று கவனம். ஒட்டிய கோப்பு 60 ஜிபி வரும். அதை ஃபேட்32 டிஸ்கில் வைக்கவே முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்பு வேண்டும், இரண்டையும் எல்லா டிவியும் எல்லாப் பெட்டியும் படிப்பதில்லை. ஆகவே கடைக்குப் போகும்போது பென் டிரைவும் வீட்டு ஹார்டு டிஸ்கின் அமைப்பிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஓடியது வீட்டில் ஓடாது.

சரி, அந்த '8கே' பாக்ஸ். உங்களிடம் உள்ளது 4கே டிவி, வீடியோ 1080, 8கே என்ற எழுத்தால் உங்களுக்கு ஒரு பைசா பயன் இல்லை. பெயர் தெரியாத இந்தப் பெட்டிகளில் எனக்கு வேறொரு பயம் உண்டு. டி95 என்ற பெயரில் உலகம் முழுக்க விற்ற ஒரு மலிவு ஆண்ட்ராய்டு பெட்டியில், பெட்டியைத் திறக்கும் முன்பே தீங்கான மென்பொருள் உள்ளே இருந்ததை 2023 தொடக்கத்தில் கனடாவைச் சேர்ந்த ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டார். இப்படி முன்கூட்டியே கெட்டுப்போய் வரும் பெட்டிகளைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயே எச்சரித்தது. அந்தப் பெட்டி நீங்கள் போன் பேங்கிங் செய்யும் அதே வைஃபையில் உட்காரப் போகிறது. கூகுளின் சான்று உள்ளதா என்று ப்ளே ஸ்டோர் அமைப்புக்குள் பார்க்கலாம், சான்று இல்லை என்று அங்கே வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்போ எதைத்தான் வாங்குவது என்றால், சான்றுள்ள ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்று, குறைந்தது ஒரு முழு யுஎஸ்பி துளையோடு, அதில் விஎல்சி அல்லது கோடி செயலி. இரண்டும் இலவசம். ஜிடூ, டூன் எச்டி என்று ஹார்டு டிஸ்க் வீடியோவுக்கென்றே பெட்டி செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, நல்ல பொருள்கள், ஆனால் அவற்றின் அருமை முழு ப்ளூ-ரே பிரதிகளை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், உங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை: எச்டிஎம்ஐ துளை உள்ள பழைய லேப்டாப். அதில் விஎல்சி போட்டு, டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுத்தால் நான் மேலே சொன்ன சீப்புப் பல் போய்விடும், ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸும் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு ரிமோட் இருக்காது என்பதுதான் குறை, ஒரு வயர்லெஸ் மவுஸ் கொடுத்தால் தீர்ந்தது.

---

கேள்வி: ஓசூரில் வேலை செய்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மீடியா ப்ளேயரை டிவியில் மாட்டியிருக்கிறேன், டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் சத்தம் வெளியே போகும் வழி) வழியாக சவுண்ட்பாருக்குப் போகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய ப்ளூ-ரே டிஸ்குகளை எம்கேவியாக மாற்றி வைத்திருக்கிறேன். சிலதில் படம் வருகிறது, சத்தமே இல்லை. ப்ளேயர் கெட்டுப்போச்சா?
— வாசகர், ஓசூர்

பதில்: கெடவில்லை. சத்தம் வராத கோப்புகளின் விவரத்தைப் பாருங்கள், ஒலி வகை டிடிஎஸ் என்று இருக்கும். டிடிஎஸ் ஒலியைப் பிரித்துப் படிக்க உரிமக் கட்டணம் உண்டு, அதனால் பல நிறுவனங்கள் அதை விட்டுவிட்டன. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜி 2020-இல் எடுத்துவிட்டு 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது, 2025 மாடல்களில் மறுபடி எடுத்துவிட்டது. உங்கள் ப்ளேயர் டிடிஎஸ்ஸைப் படிக்காமல் அப்படியே டிவிக்குத் தள்ளுகிறது, டிவிக்கு அது புரியவில்லை, சவுண்ட்பாருக்குக் கொடுக்காமல் வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

உடனே செய்யக்கூடியது, ப்ளேயரின் ஒலி அமைப்பில் 'பாஸ்த்ரூ'வை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே தள்ளுவது) அணைத்துவிட்டு பிசிஎம் (பிரித்த ஒலி) என்று மாற்றுவது. கோடி, விஎல்சி இரண்டும் டிடிஎஸ்ஸைத் தாமே பிரித்துக் கொடுத்துவிடும், சத்தம் வரும், ஆனால் ஏஆர்சி வழியில் அது இரண்டு சேனல் ஸ்டீரியோவாகத்தான் போகும். 5.1 என்ற சுற்றொலி வேண்டும் என்றால் சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ 'இன்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ப்ளேயரை முதலில் சவுண்ட்பாரில் செருகி, அங்கிருந்து டிவிக்கு ஒரு கேபிள். டிவி நடுவில் இல்லை, அதன் தடையும் இல்லை. சவுண்ட்பாருக்கே டிடிஎஸ் தெரியுமா என்பதை மட்டும் அதன் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ப்ளூ-ரேயில் உள்ள அட்மாஸ் (மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி ஒலி) பெரும்பாலும் டால்பி ட்ரூஎச்டி என்ற பெரிய ஓட்டத்துக்குள் வருகிறது, அது சாதாரண ஏஆர்சியில் போகாது, அதன் புது வகையான இஏஆர்சி வேண்டும். ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் வகை, அது ஏஆர்சியிலேயே போகும். "ஓடிடியில் அட்மாஸ் என்று காட்டுகிறது, என் டிஸ்கில் மட்டும் காட்டவில்லையே" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், காரணம் இதுதான்.

---

கேள்வி: ப்ளேயரில் ஹார்டு டிஸ்க் மாட்டினால் பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகிறது, 'டிஸ்க் இல்லை' என்று வருகிறது. மறுபடி செருகினால் ஓடுகிறது. டிஸ்கா, பெட்டியா?
— வாசகி, தர்மபுரி

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, கரண்ட் போதவில்லை. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 என்றால் 900. உள்ளே தட்டு சுழலும் சின்ன ஹார்டு டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகமாக இழுக்கும், சிறிய பெட்டியின் அடாப்டர் அந்த நேரத்தில் தள்ளாடும். தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போடுங்கள், அல்லது தனிக் கரண்டில் ஓடும் பெரிய 3.5 அங்குல டிஸ்க் பயன்படுத்துங்கள். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், நீளமான மெல்லிய கேபிளிலும் இதே தொல்லை வரும். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 4கே ப்ளூ-ரேயின் உச்சமே நொடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான், யுஎஸ்பி 2.0 அதைத் தாராளமாகத் தாங்கும். அதே கோப்பை 100 மெகாபிட் லேன் கேபிளில் வரவழைத்தால்தான் இடறும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் அக்கா கல்யாண வீடியோவும் என் பாட்டி பேசிய ஒரே வீடியோவும் இருந்த டிஸ்க் இப்படித்தான் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது, நானும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டே இருந்தேன், ஒருநாள் கரண்ட் போய் வந்ததோடு அது எழுந்திருக்கவே இல்லை. மீட்டுத் தருகிறேன் என்று டிஸ்கை வாங்கி வைத்துக்கொண்ட கடையிலும் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கல்யாண வீடியோ இன்னொரு வீட்டில் பிரதி இருந்ததால் கிடைத்தது. பாட்டியின் குரல் போனது போனதுதான். அதனால் கேட்டுக்கொள்கிறேன், ப்ளேயரில் மாட்டுகிற டிஸ்க் உங்களிடம் உள்ள ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. இன்னொன்று வேறொரு வீட்டில், அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ, பீரோவுக்குள் இருக்கட்டும்.

---

கேள்வி: பிள்ளைகளுக்காக வெளிநாட்டு ஆவணப்படங்களுக்கு நானே தமிழில் சப்டைட்டில் தட்டச்சு செய்கிறேன். லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது, ப்ளேயரில் கட்டம் கட்டமாக வருகிறது. சில பழைய கோப்புகளில் கேள்விக்குறியும் விநோத எழுத்தும் வருகின்றன.
— ஆசிரியை, பாலக்கோடு

பதில்: டீச்சர், இது இரண்டு தனித்தனி நோய். கட்டம் வந்தால் ப்ளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கோடி செயலியில் சப்டைட்டில் எழுத்துருவை மாற்ற இடம் இருக்கிறது, தமிழ் எழுத்துகள் உள்ள யூனிகோடு எழுத்துரு ஒன்றை அதன் எழுத்துருக் கோப்புறைக்குள் போட்டுத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறி வந்தால் கோப்பைச் சேமித்த விதம் தவறு. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே ஆன்சி என்று இருந்தால் யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகிவிட்ட எழுத்து திரும்ப வராது, மறுபடி தட்டச்சுதான். விநோத எழுத்து வருபவை திஸ்கி மாதிரிப் பழைய குறியீட்டில் அடித்தவையாக இருக்கலாம், யூனிகோடு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒட்டி மாற்றிவிடலாம்.

ப்ளேயர் வாங்கும்போது உங்கள் சப்டைட்டில் கோப்பு ஒன்றையும் கொண்டு போங்கள். 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' இருக்கிற வரி ஒன்று அதில் இருக்கட்டும். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எழுத்து வந்தும் கொம்பு இடம் மாறி நிற்கிற பெட்டிகள் உண்டு, பிள்ளைகள் அதைப் படித்துப் பழகுவது எனக்குப் பிடிக்காது.

---

கேள்வி: 2001-இல் நடந்த எங்கள் கல்யாண விசிடி புது 4கே டிவியில் மங்கலாகவும் எல்லாரும் குண்டாகவும் தெரிகிறார்கள். நல்ல ப்ளேயர் வாங்கினால் தெளிவாகுமா?
— வாசகர், அரூர்

பதில்: மங்கல் போகாது அண்ணா. விசிடியில் இருப்பது 352-க்கு 288 புள்ளிகள், உங்கள் டிவியில் 3840-க்கு 2160. இல்லாத புள்ளியை எந்தப் பெட்டியும் கொண்டுவர முடியாது, கொஞ்சம் வழவழப்பாக்கித் தரும், அவ்வளவுதான். இதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

குண்டாகத் தெரிவதை இன்றைக்கே சரி செய்யலாம். அந்தக் காலத்துப் படம் 4:3 அளவு, டிவி அதை 16:9-க்கு இழுத்து விரிக்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், மணமக்கள் அன்றைக்கு இருந்த மாதிரியே தெரிவார்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. சிடியை டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருக்கும் .DAT என்று முடியும் கோப்பை இந்த வாரமே பிரதி எடுங்கள், விஎல்சியில் அது அப்படியே ஓடும். இருபது வருடம் தாண்டிய சிடிகள் கீறலாலும் மேல்பூச்சு உரிந்தும் படிக்க முடியாமல் போகின்றன. ஒரு டிரைவில் படிக்கவில்லை என்றால் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள், ஒன்றில் வராதது இன்னொன்றில் வருவதுண்டு.